பழமொழியின் பின்பாதி

ஜனவரி 11

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? கார் சீட்டில் தலையணை வைத்துக்கொள் என்று எழுதியிருந்தேன். வைத்தாயா என்று நீ பதிலில் சொல்லவில்லை.

உன் அண்ணிக்கு ஸ்ட்ரோக் வந்து இன்றோடு ஐம்பத்து மூன்று நாள். வலது கையும் காலும் கொஞ்சம் அசைகின்றன. பேச்சுதான் வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் 'அது', ஜன்னலைச் சாத்த வேண்டுமென்றாலும் 'அது', என்னைப் பார்த்தாலும் 'அது'. வார்டில் அவள் கட்டிலைச் சுற்றியுள்ள எல்லாப் பொருளிலும் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன். எல்லாம் ஒரே அளவு சீட்டு, ஸ்கேல் வைத்து வெட்டியது. ஒன்றையும் அவளால் படிக்க முடியவில்லை.

நேற்று ஒன்று நடந்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். மதியம் சூப் ஊட்டிக்கொண்டிருந்தேன். அவசரமாக விழுங்கப் பார்த்ததில் புரையேறிவிட்டது. முதுகைத் தடவியபடி, ஏதோ வாயில் வந்ததென்று 'பதறாத காரியம்' என்றேன். உன் அண்ணி 'சிதறாது' என்றாள்.

தெளிவாகச் சொன்னாள். அவளுடைய பழைய குரல். கரண்டி என் கையிலிருந்து விழுந்துவிட்டது. இன்னொரு முறை சொல் என்றேன். 'அது' என்றாள். அவளே பயந்துபோய் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் பொறுத்து 'சிறு துளி' என்றேன். 'பெரு வெள்ளம்.' பக்கத்துக் கட்டில் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

முப்பத்து நாலு வருஷம் கடை கடையாகப் போய் எடைக்கல்லும் தராசும் சோதித்தவன் நான். எதைக் கையில் எடுத்தாலும் இத்தனை கிராம் என்று சொல்லிவிடுவேன். அந்த ஒரு சொல்லை என்னவென்று சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. 

பேச்சுப் பயிற்சி தருகிற பெண்ணிடம் கேட்டேன். "சில பேருக்கு அப்படித்தான் சார். நாமா யோசிச்சுப் பேசுறது ஒரு வழியா வருது, ஊறிப்போய்க் கிடக்கிறது வேற வழியா வருது" என்றாள்.

எனக்குப் பழமொழி அதிகம் தெரியாது. நீதான் வாயைத் திறந்தால் பழமொழி. தெரிந்ததையெல்லாம் முன்பாதி மட்டும் எழுதி அனுப்பு. போன் வேண்டாம். போனில் உன் குரல் கேட்டால் ஆள் எங்கே என்று தேடி அழுகிறாள். கடிதம் என்றால் படித்துக் காட்டுகிறேன், கேட்டுக்கொள்கிறாள்.

அன்புடன்,
அண்ணன்
ஒருமுறை படித்துச் சரிபார்க்கப்பட்டது.


ஜனவரி 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

தலையணை வெச்சாச்சு, முதுகு தேவலை. உங்க சுகர் எப்படி இருக்கு? மாத்திரையை நேரத்துக்குப் போடுவீங்கன்னு தெரியும். சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுறீங்களான்னுதான் தெரியலை.

உங்க கடிதத்தைப் பாடம் நடத்திக்கிட்டிருக்கும்போதே சிக்னல்ல பிரிச்சுட்டேன். தப்புதான். ஸ்டியரிங் பிடிச்சிருந்தவர் ஒரு பல் டாக்டர். நாலு மாசமா என்கிட்ட டிரைவிங் கத்துக்கிறார், இன்னும் கிளட்சை விடத் தெரியலை. நான் அழுறதைப் பார்த்து, தன்னோட ஓட்டுறதாலதான்னு நினைச்சு வண்டியை நடுரோட்டுல நிறுத்திட்டார். பின்னாடி ஒரே ஹார்ன். "மேடம், நான் வேணா இதை விட்டுடட்டுமா"ன்னு கேட்டார், பாவம்.

அண்ணி பேசிட்டாங்க. எனக்கு அது போதும்.

தனித்தாள்ல நாற்பது முன்பாதி எழுதியிருக்கேன். ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன் அண்ணா. அண்ணி என்ன சொன்னாலும், அதை அப்படியே எழுதி அனுப்புங்க. நீங்க திருத்தி எழுத வேண்டாம்.

உங்க தங்கச்சி

பின்குறிப்பு: கடிதத்துக்குக் கீழேயுமா சீல் குத்துறது? சும்மாவா உங்களுக்குத் தராசுன்னு பேரு.


பிப்ரவரி 6

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

நாற்பதையும் கேட்டு முடித்தேன். சரி: பதினேழு. பதில் இல்லை: பதினான்கு. தவறு: ஒன்பது. அந்தத் தவறுகள்தான் எனக்குக் கவலையாக இருக்கின்றன. நீ கேட்டபடி அப்படியே எழுதுகிறேன்.

நிழலின் அருமை: 'குடையைத் தொலைச்சா தெரியும்.'
அடி மேல் அடி அடித்தால்: 'கைதான் வீங்கும்.'
பொறுத்தார்: 'அடுப்படி ஆள்வார்.'
குற்றம் பார்க்கில்: 'கண்ணு வலிக்கும்.'

மற்ற ஐந்தும் இதே லட்சணம்தான். பயிற்சிப் பெண் முகம் சுருங்கிவிட்டது. மூளைக்குள் சொற்கள் இடம் மாறிக் கலந்துபோனால் இப்படி வருமாம். மே 4ஆம் தேதி மதிப்பீடு செய்கிற அதிகாரி வருகிறார். சொல்வதைப் புரிந்துகொள்கிறாள் என்று அவர் எழுதினால் வீட்டுக்கு அனுப்புவார்கள். நர்ஸும் பயிற்சியும் வீட்டுக்கே வரும். புரியவில்லை என்று எழுதினால், பஸ்ஸில் மூன்று மணி நேரத் தொலைவில் உள்ள பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பார்க்க விடுவார்கள். என்னால் அவளைத் தனியாகத் தூக்கி உட்கார வைக்க முடியாது. நர்ஸ் இல்லாமல் வீட்டுக்குக் கூட்டிப்போக வழியில்லை.

ஆகவே தவறுகளைத் திருத்த ஆரம்பித்திருக்கிறேன். 'குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை' என்று நேற்று மட்டும் பதினைந்து முறை சொல்லிக் கொடுத்தேன். பதினாறாவது முறை அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். களைப்பாக இருக்கும்.

அன்புடன்,
அண்ணன்
ஒருமுறை படித்துச் சரிபார்க்கப்பட்டது.


பிப்ரவரி 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். திருத்துறதை உடனே நிறுத்துங்க. ஏன்னு இப்போ கேட்காதீங்க. நீங்க இதை அண்ணிக்குப் படிச்சுக் காட்டுவீங்க, அதனால இதுல எழுத முடியாது.

அண்ணி, நான் உங்களை நினைச்சுக்கிட்டேதான் இருக்கேன். பல் டாக்டர் நேத்து ரிவர்ஸ் எடுத்தார். குப்பைத்தொட்டி போச்சு.

உங்க தங்கச்சி


பிப்ரவரி 27

அன்புள்ள தங்கச்சிக்கு,

காரணம் சொல்லாமல் ஒரு வேலையை நிறுத்தச் சொன்னால் நான் எப்படி நிறுத்துவது? மதிப்பீட்டுக்கு இன்னும் அறுபத்தாறு நாள்தான். நான் நிறுத்தவில்லை.

ஆனால் அதற்கும் அவசியமில்லாமல் போய்விட்டது. எட்டு நாளாக அவள் எதற்குமே பதில் சொல்வதில்லை. 'சிறு துளி' என்றால்கூட இல்லை. உன் குப்பைத்தொட்டியைப் படித்தபோது மட்டும் கண் கொஞ்சம் மின்னியது மாதிரி இருந்தது. அதையும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

வந்த பேச்சும் போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. உனக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. எனக்குச் சொல்.

அண்ணன்
ஒருமுறை படித்துச் சரிபார்க்கப்பட்டது.


மார்ச் 7

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்க உடம்பைப் பார்த்துக்கோங்க. இந்தக் கடிதத்தைப் படிச்சுக் காட்ட வேண்டாம். வார்டுக்கு வெளியே போய், உட்கார்ந்து, தனியாப் படிங்க.

அண்ணி சொன்ன ஒன்பதும் தப்பு இல்லை. எதுவும் கலந்தும் போகலை. அண்ணி எப்பவுமே அப்படித்தான் சொல்வாங்க. நான் உங்க வீட்டுல இருந்த வருஷங்கள்ல, சாப்பாடு முடிஞ்சு நாங்க ரெண்டு பேரும் பாத்திரம் கழுவ ஒரு மணி நேரம் ஆகும். நாலு தட்டு கழுவ எதுக்கு ஒரு மணி நேரம்னு ஒருநாளாவது கேட்டீங்களா? நான் முன்பாதி சொல்வேன். அண்ணி கரண்டியைத் தேய்ச்சுக்கிட்டே பின்பாதியை மாத்திச் சொல்வாங்க. சிரிப்புச் சத்தம் வெளியே கேட்கக் கூடாதுன்னு குழாயைத் திறந்து விட்டுடுவோம்.

சரியானது தெரியாமச் சொல்லலை. "பழமொழி ரெடிமேட் சட்டை மாதிரி, ஊருக்கே ஒரே அளவு. கையை நாமதான் பிடிச்சுத் தெச்சுக்கணும்"னு சொல்வாங்க. என் வீட்டுக்காரர் என்னை விட்டுட்டுப் போனப்போ எல்லாரும் வந்து தனிமரம் தோப்பாகாதுன்னாங்க. நீங்களும் சொன்னீங்க. அண்ணி மட்டும் தட்டைத் துடைச்சுக்கிட்டே, "தனிமரம் தோப்பாகாது, சரி. நிழல் தராதா?"ன்னு கேட்டாங்க. அடுத்த வாரமே போய் டிரைவிங் கத்துக்கச் சேர்ந்தேன். அந்த ஒரு பின்பாதியிலதான் இன்னைக்கு வரைக்கும் என் வண்டி ஓடுது.

இனிமே சொல்றதுதான் கஷ்டம். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி உங்க மேலதிகாரி வீட்டுக்குச் சாப்பிட வந்தார், ஞாபகம் இருக்கா? மனைவிமார் பொறுமையைப் பத்தி ஏதோ பெருமையாப் பேசினார். பரிமாறிக்கிட்டிருந்த அண்ணி, "பொறுத்தார் அடுப்படி ஆள்வார்"னாங்க. அவர் சிரிக்க வாயைத் திறந்துட்டார். அதுக்குள்ள நீங்க, "பூமி ஆள்வார். தெரியாததை எதுக்குச் சொல்றே"ன்னீங்க. அவர் தட்டைக் குனிஞ்சு பார்த்தார். அண்ணி "சரி"ன்னு சொல்லிட்டு உள்ளே போனாங்க. அதுக்கப்புறம் உங்க முன்னாடி அவங்க ஒரு பழமொழி சொல்லி நீங்க கேட்டிருக்க மாட்டீங்க. 'என் மனைவி அதிகம் பேச மாட்டாள்'னு எல்லார்கிட்டயும் நல்ல பேர் மாதிரி சொல்வீங்க.

உங்களை மட்டும் குத்தம் சொல்லலை. நானும் அன்னைக்கு அங்கேதான் இருந்தேன். நான் சிரிச்சிருந்தா அது ஜோக்குன்னு எல்லாருக்கும் புரிஞ்சிருக்கும். உங்களுக்குப் பயந்து சிரிக்கலை.

இப்போ பேச்சே போன பிறகு, கிடைச்ச ஒரே வழியில அண்ணி உங்ககிட்ட வந்திருக்காங்க. நீங்க திரும்பவும் அதே பதிலைச் சொல்லியிருக்கீங்க.

உங்க தங்கச்சி


ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. கோபமா இருந்தா கோபமா இருக்கேன்னு ஒரு வரி எழுதுங்க. அண்ணி எப்படி இருக்காங்கன்னு ஒரு வரி. நீங்க சாப்பிடுறீங்களான்னு அரை வரி.

பல் டாக்டர் பாஸாயிட்டார். சொல்லணும்னு தோணிச்சு.

உங்க தங்கச்சி


ஏப்ரல் 14

அன்புள்ள தங்கச்சிக்கு,

சாப்பிடுகிறேன். கோபம் இல்லை. பதில் எழுத ஆரம்பித்து நாலு தாள் கிழித்தேன். எழுதியதெல்லாம் எனக்குச் சாதகமாகவே வந்தது.

நீ சொன்ன விருந்து எனக்கு ஞாபகமே இல்லை. அதுதான் என்னைப் படுத்தியது. ஒருத்தி வாயை மூடிவிட்டேன், மூடியது எனக்கு நினைவில்கூட இல்லை. கள்ளத் தராசு வைத்திருந்தவனெல்லாம் என்னிடம் 'கவனிக்கலை சார்' என்பான். ஒருவனைக்கூட நான் விட்டதில்லை.

பல நாள் கட்டில் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். எதையும் கேட்கவில்லை. மார்ச் கடைசியில் ஒருநாள் நல்ல வெயில். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். 'நிழலின் அருமை' என்றேன். கொஞ்சம் பொறுத்து நானே, 'குடையைத் தொலைச்சா தெரியும்' என்றேன்.

அவள் திரும்புவதற்கு நேரம் பிடித்தது. ஒரு கையை ஊன்றித் திரும்பினாள். என் முகத்தையே பார்த்தாள். பிறகு வாயின் இடது பக்கம் மட்டும் மேலே போனது. சிரிக்கிறாள் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

அப்புறம் நடந்ததை எப்படி எழுதுவது? அதுவரை முன்பாதி சொன்னதெல்லாம் நான்தான். அன்றைக்கு அவள் சொன்னாள். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, 'பொறுத்தார்' என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் காத்திருந்தாள்.

'அடுப்படி ஆள்வார்' என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் தலையை ஆட்டினாள். பரீட்சையில் என்னைப் பாஸ் ஆக்கிவிட்டது போல இருந்தது.

இன்னொன்றையும் கவனித்தேன், சரியா என்று பார். நர்ஸ் நேரத்துக்கு வந்துவிட்டால், 'பொறுத்தார்' என்பதற்கு 'பூமி ஆள்வார்' என்கிறாள். ஒரு மணி நேரம் காக்க வைத்தால் 'அடுப்படி ஆள்வார்'. பன்னிரண்டு நாள் குறித்து வைத்துப் பார்த்தேன். ஒருநாள்கூட மாறவில்லை. தங்கச்சி, அவள் ஒப்பிக்கவில்லை. பதில் சொல்கிறாள். இரண்டு பாதிகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனுஷி பேசிக்கொண்டிருக்கிறாள். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதிகாரியிடம் காட்ட ஆதாரம் வேண்டும். அவள் மாற்றிச் சொன்ன பின்பாதிகள் உனக்கு நினைவிருப்பதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்
இருமுறை படித்துச் சரிபார்க்கப்பட்டது.


ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணாவுக்கு, அண்ணிக்கு,

ரெண்டு பேரும் நல்லா இருங்க. உங்க கடிதத்தை வண்டியை ஓரமா நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டுட்டுத்தான் படிச்சேன். இன்னும் ரெண்டு தடவை படிச்சுட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

முப்பத்தொண்ணு எழுதியிருக்கேன். ஒவ்வொண்ணும் எப்போ, எதுக்குச் சொன்னாங்கன்னும் போட்டிருக்கேன். பதினொண்ணாவது மட்டும் தனிக் கவர்ல ஒட்டியிருக்கு. அது உங்களுக்கு இல்லை, அதிகாரிக்கு. நீங்க திறக்கக் கூடாது.

உங்க தங்கச்சி


மே 6

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அதிகாரி வயதான அம்மா, கண்ணாடியைச் சங்கிலியில் கோத்து மாட்டியிருந்தார். உன் பட்டியல் முழுவதையும் பொறுமையாகப் படித்தார். கவரைப் பிரித்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை என்னிடமே நீட்டினார். 'கல்லானாலும் கணவன், எடைக்கல்லானாலும் புருஷன்.' நான் நிமிர்ந்து பார்த்தால் உன் அண்ணி ஜன்னலை வேடிக்கை பார்க்கிறாள், ஒன்றும் அறியாதவள் போல.

அப்புறம் அந்த அம்மா சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு சார். ஆனா இருபது வருஷமா சொல்லிச் சொல்லி இதுவும் ஊறினதுதானே. ஊரோட மனப்பாடம் ஒண்ணு, வீட்டோட மனப்பாடம் ஒண்ணு. இப்போ சொல்றது புரியுதுன்னு இதை வெச்சு நான் எப்படி எழுதுறது?" என் பன்னிரண்டு நாள் குறிப்பை நீட்டினேன். "இது நீங்க எழுதினது சார், நான் பார்க்கலையே" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

படங்களைக் காட்டிச் சாவி எது என்று கேட்டார். பதற்றத்தில் உன் அண்ணி சீப்பைத் தொட்டாள். கதவு எது என்றார், கடிகாரத்தைத் தொட்டாள். அதிகாரி பேனாவைத் திறந்தார். 'புரிகிறது', 'புரியவில்லை' என்று இரண்டு கட்டம். பேனா இரண்டாவது கட்டத்தை நோக்கிப் போனதை நான் பார்த்தேன். மூன்று மணி நேர பஸ்ஸும் ஞாயிற்றுக்கிழமையும் என் கண்ணுக்குள் வந்து நின்றன.

எழுதுவதற்கு முன்னால், ஆறுதலுக்காகத்தான் என்று நினைக்கிறேன், அந்த அம்மா குனிந்து, "கடைசியா நான் ஒண்ணு சொல்றேன்மா. ஆழம் தெரியாமல்..." என்றார்.

காலை விடாதே. யாருக்கும் தெரிந்ததுதான். உன் அண்ணி அந்தப் பேனாவைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"மார்க் போடாதே" என்றாள்.

அதிகாரி கேட்டார், "இது லிஸ்ட்ல இருக்கா சார்?" நான் நானாயிற்றே, முப்பத்தொன்றையும் மேலிருந்து கீழே ஒரு முறை, கீழிருந்து மேலே ஒரு முறை பார்த்தேன். இல்லை. அந்த நிமிஷத்தில், அந்தக் கட்டிலில், அந்தப் பேனாவுக்காக அவள் செய்தது. உன் வரிசையிலும் இல்லை, உலகத்தில் எந்த வரிசையிலும் இல்லை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிய நேரமாயிற்று. பிறகு உன் அண்ணியிடமே, "சரிம்மா. ஆழம் தெரிஞ்சுபோச்சு, இப்போ போடட்டுமா?" என்று கேட்டார். அவள் தலையை ஆட்டிய பிறகுதான் முதல் கட்டத்தில் டிக் போட்டார்.

வீட்டுக்கு வருகிறோம்.

அண்ணன்
ஒருமுறை படித்துச் சரிபார்க்கப்பட்டது. நடுவில் இரண்டு இடத்தில் மை கலைந்திருக்கும், கண்டுகொள்ளாதே.


ஜூன் 22

அன்புள்ள தங்கச்சிக்கு,

இருவரும் நலம். லீவு எடுத்துக்கொண்டு வருவதாக எழுதியிருந்தாய். வா. உன் அண்ணிக்கு அதைப் படித்துக் காட்டியதும் பாத்திரம் வைக்கிற பக்கம் கையைக் காட்டினாள். வந்தவுடன் உனக்கு வேலை இருக்கிறது.

வீடு முழுவதும் நான் ஒட்டி வைத்திருந்த சீட்டுகளை வந்த மறுநாளே இடது கையால் ஒவ்வொன்றாகக் கிழித்துவிட்டாள். 'அலமாரி' என்ற சீட்டை மட்டும் கிழிக்காமல் எடுத்து என் முதுகில் ஒட்டிவிட்டாள் போல. நான் அப்படியே கடைக்குப் போய்வந்தேன். கடைக்காரர், பழைய பயத்தில், ஒன்றும் சொல்லவில்லை.

இப்போதும் அவளால் தண்ணீர் கேட்க முடியாது. 'அது'தான். ஆனால் சாயங்காலம் நான் பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறேன். மூன்று தட்டு, இரண்டு டம்ளர். ஒரு மணி நேரம் ஆகிறது. குழாயைத் திறந்து விடுவதில்லை.

நேற்று அவளிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. இத்தனை வருஷத்துக்கும் சேர்த்துக் கேட்க வேண்டியது. மன்னிப்பு என்ற சொல்லை அவளால் பிடிக்க முடியுமா என்று தெரியவில்லை, என் வாயிலும் வரவில்லை. தட்டைத் துடைத்துக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல், 'ஐந்தில் வளையாதது' என்றேன்.

ஐம்பதில் வளையுமா என்று ஊர் கேட்கும். அவளுக்கும் அது தெரியும். நனைந்த என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கம் திருப்பினாள். விரலால் என் நெஞ்சைத் தொட்டாள்.

"அறுபத்தி மூணுல வளையுது" என்றாள்.

போன மாதம்தான் எனக்கு அறுபத்து மூன்று முடிந்தது. கணக்கில் ஒரு வருஷம்கூடத் தப்பவில்லை.

சீக்கிரம் வா.

அன்புடன்,
அண்ணன்
திரும்பப் படித்துப் பார்க்கவில்லை. தப்பு இருந்தால் இருக்கட்டும்.